மூன்று அர்ஜுனா, ஒரு கிலோமீட்டர்: கோடை மின்னலைப் பார்க்கும் முறை

எட்டாம் வகுப்பில் “மின்னல் எப்படி வருகிறது?” என்று கேட்டால், நாற்பது பிள்ளைகளில் முப்பத்தைந்து பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: “மேகமும் மேகமும் முட்டிக்குது டீச்சர்.” இருபத்தாறு வருடமாக இந்தப் பதிலைக் கேட்டு வருகிறேன். மேகம் என்பது காற்றில் மிதக்கிற நீர்த்துளியும் பனித்துகளும். இரண்டு மேகம் சேர்ந்தால் ஒரு பெரிய மேகம் ஆகும், அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மோதல் நடக்கத்தான் செய்கிறது. மேகத்துக்கும் மேகத்துக்கும் இடையில் அல்ல, ஒரே மேகத்தின் வயிற்றுக்குள். அதுவும் முக்கால் மணி, ஒரு மணி நேரமாக, நம் கண் எதிரிலேயே நடக்கிறது. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

நான் இருப்பது புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடிப் பக்கம். ஆண்டு விடுமுறையில் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்து இதைச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். அதையே இங்கே எழுதுகிறேன். தேவையானவை கொஞ்சம்தான். மேற்குப் பக்கம் வானம் தெரிகிற ஓர் இடம், அதை ஒட்டியே காங்கிரீட் கூரை போட்ட வீடு, வீட்டில் பழைய ரேடியோ இருந்தால் அது. கூரை வீடும் தகரக் கொட்டகையும் இதற்கு ஆகாது. காரணம் பின்னால் வரும்.

சித்திரை, வைகாசியில் முன்நாள் புழுங்கித் தள்ளிய ஒரு நாளாகப் பார்த்து, மதியம் இரண்டு மணிக்குத் தொடங்குங்கள். அப்போது வானத்தில் சின்னச் சின்னப் பஞ்சுப் பொதிகள்தான் இருக்கும். அடி தட்டையாகவும், தலை உருண்டையாகவும் இருக்கும். நிலம் சுட்டு, அதை ஒட்டிய காற்று சூடாகி மேலே போகிறது. போகப் போகக் குளிர்ந்து, அதிலிருக்கிற ஈரம் துளியாகிறது. அந்தத் தட்டை அடிதான் ஈரம் துளியாக மாறத் தொடங்குகிற உயரம். பெரும்பாலான பொதிகள் அரை மணியில் கரைந்து போய்விடும். அவற்றை விட்டுவிடுங்கள்.

மூன்று, மூன்றரைக்கு எங்கள் ஊரில் காற்று திரும்பும். காலையிலிருந்து மேற்கே இருந்து வீசிய அனல் காற்று நின்று, கிழக்கிலிருந்து கொஞ்சம் குளிர்ச்சியாக, உப்பு ஈரத்தோடு கடல் காற்று வரும். கடல் எங்களுக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர்தான். குளிர்ந்த கடல் காற்று கனமானது. அது சூடான நிலக்காற்றின் அடியில் ஆப்பு போல நுழைந்து, அதை மேலே நெம்பித் தூக்கும். அந்த இரண்டு காற்றும் சந்திக்கிற கோட்டில்தான் பெரிய மேகம் கட்டும். கட்டிய மேகத்தை உயரத்தில் வீசுகிற மேற்குக் காற்று எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். “மேற்கே கருக்குது, துணியை எடு” என்று அப்பத்தா சொன்னது இதைத்தான்.

இப்போது ஒரே ஒரு மேகத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் தலையை மட்டும் பாருங்கள். காலிஃபிளவர் மாதிரி முண்டு முண்டாக, ஓரம் கத்தியால் வெட்டியது போலத் தெளிவாக இருக்கும். ஐந்து நிமிடம் ஒரு தென்னை மட்டையை அளவாக வைத்துப் பார்த்தால், அது மேலே ஏறுவதே கண்ணுக்குத் தெரியும். அப்புறம் ஒரு கட்டத்தில் அந்தத் தெளிவான ஓரம் கலங்கும். தலை மட்டும் பஞ்சைப் பிய்த்துவிட்டது போல இழை இழையாகும். நான் பிள்ளைகளைக் கத்தி அழைப்பது அந்த நேரத்தில்தான். ஏனென்றால் அங்கே தண்ணீர் பனிக்கட்டியாகிவிட்டது. ஓரம் தெளிவாக இருந்தால் நீர்த்துளி, இழை பிரிந்தால் பனி. பனி வந்துவிட்டால் முதல் மின்னலுக்கு அதிக நேரம் ஆகாது. இன்னும் வளர்ந்தால் தலை பக்கவாட்டில் பரந்து, கொல்லன் பட்டறைக் கல் மாதிரி தட்டையாக நீளும். அந்த மேகம் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் உயரம் போய்விட்டது என்று அர்த்தம்.

சித்திரை வெயிலில் பனிக்கட்டி எங்கிருந்து வரும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஊட்டி இரண்டேகால் கிலோமீட்டர் உயரம், அங்கேயே ஸ்வெட்டர் வேண்டும். அதைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேலே, ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் உயரத்தில், வருடம் முழுக்க உறைபனிக் குளிர்தான். ஆலங்குடிக்கு நேர் மேலேயும் அப்படித்தான்.

இனி மேகத்தின் வயிற்றுக்குள் போவோம். ஏழிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில், பூஜ்யத்துக்குக் கீழே 10 முதல் 25 டிகிரி வரை குளிர்கிற அடுக்கு அது. அங்கே மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, அவ்வளவு குளிரிலும் உறையாமல் நீராகவே இருக்கும் நுண்துளிகள். இரண்டு, மிகச் சிறிய பனித்துகள்கள். மூன்று, அந்த நுண்துளிகள் மேலே ஒட்டி ஒட்டி உறைந்து உருவான மெத்தென்ற பனி உருண்டைகள். பாயசத்தில் ஊறிய ஜவ்வரிசியை நினைத்துக்கொள்ளுங்கள், அளவும் நிறமும் ஏறக்குறைய அதுதான். பனித்துகள் இலேசானது, ஏறுகிற காற்று அதை மேலே அள்ளிக்கொண்டு போகிறது. ஜவ்வரிசி கனமானது, அந்தரத்தில் நிற்கிறது அல்லது மெதுவாக இறங்குகிறது. மேலே போவதும் கீழே வருவதும் வழியில் உரசிக்கொள்கின்றன. ஒவ்வோர் உரசலிலும் ஜவ்வரிசி கொஞ்சம் எதிர் மின்னூட்டத்தை வாங்கிக்கொள்கிறது, துகள் நேர் மின்னூட்டத்தோடு மேலே போகிறது. ஓர் உரசலில் கிடைப்பது மிகமிகக் குறைவு. ஆனால் கோடிக்கணக்கான உரசல்கள் நடக்கின்றன. அரை மணி நேரத்தில் மேகத்தின் தலை நேர் மின்னூட்டமாகவும், நடு வயிறு எதிர் மின்னூட்டமாகவும் பிரிந்துவிடுகிறது.

உரசல் மட்டும் போதாது, பிரித்து விலக்கி வைக்கவும் வேண்டும். பாடப்புத்தகத்தில் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள், எனக்கோ இதுதான் முக்கியம். இதை வீட்டில் செய்தே காட்டலாம். மாசி, பங்குனியில் காற்று வறண்டிருக்கிற ஒரு மதியம் பாருங்கள். ஈரக்காற்று நாளில் எத்தனை தேய்த்தாலும் வராது.

பெட்டிக்குள் வருகிற தெர்மாகோல் பலகை ஒன்று, ஓரம் மடித்து உருட்டிய அலுமினியத் தட்டு ஒன்று, கம்பளித் துணி ஒன்று. தட்டின் நடுவில் ஒரு தெர்மாகோல் கப்பைக் கவிழ்த்து ஒட்டிக்கொள்ளுங்கள், அதுதான் கைப்பிடி. பலகையைக் கம்பளியால் ஒரு நிமிடம் அழுத்தித் தேயுங்கள். கைப்பிடியைப் பிடித்துத் தட்டை அதன் மேல் வையுங்கள். தட்டை ஒரு விரலால் தொடுங்கள், ‘டிக்’ என்று ஒரு சின்னக் கடி இருக்கும். விரலை எடுங்கள். இப்போது கைப்பிடியை மட்டும் பிடித்துத் தட்டை மேலே தூக்குங்கள். விளக்கை அணைத்துவிட்டு, விரல் முட்டியைத் தட்டின் ஓரத்துக்கு மெதுவாகக் கொண்டு போங்கள். தொடுவதற்கு முன்பே, நாலைந்து மில்லிமீட்டர் தூரத்தில், நீலமாக ஒரு நூல் பாயும். கூடவே ஒரு சத்தம். அதுதான் மின்னல், அதுதான் இடி. காற்றில் ஒரு மில்லிமீட்டர் பொறிக்குச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். ஆக உங்கள் கையில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருந்திருக்கிறது. மின்னூட்டத்தின் அளவு மிகச் சிறியது என்பதால் சுள்ளென்று கடிப்பதோடு போய்விடுகிறது.

தட்டைத் தூக்காமல் முட்டியைக் கொண்டு போய்ப் பாருங்கள். ஒன்றும் வராது. தூக்கினால்தான் பொறி. பலகையும் தட்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்க, நீங்கள் கை பலத்தால் அவற்றை விலக்குகிறீர்கள். அந்தப் பலம்தான் பொறியாக வெளியே வருகிறது. மேகத்தில் அந்தக் கை வேலையைச் செய்வது மேலே ஏறும் காற்று. அதனால்தான் கார்த்திகை அடைமழை நாள் முழுக்கப் பெய்தாலும் இடி குறைவு, அந்த மேகங்களில் காற்று மெதுவாக ஏறுகிறது. சித்திரையிலும் ஐப்பசித் தொடக்கத்திலும் வெறி பிடித்தது போல ஏறும், இடியும் அப்படியே.

சரி, திண்ணைக்குத் திரும்புவோம். ரேடியோவை எடுத்து மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். எஃப்.எம். வேண்டாம், அதில் கேட்காது. சீரான இரைச்சலுக்கு நடுவே ‘கர்ர்… டப்’ என்று வெட்டினால் எங்கோ மின்னியிருக்கிறது. மேகம் அடிவானத்தில் இருக்கும்போதே, இடிச்சத்தம் காதுக்கு எட்டாத தூரத்திலேயே, ரேடியோ சொல்லிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று இருந்த வெட்டு, நிமிடத்துக்கு நாலைந்து ஆனால் மேகம் நெருங்குகிறது அல்லது பலக்கிறது. கைபேசி இருப்பவர்கள் ‘தாமினி’ செயலியை வைத்துக்கொள்ளலாம். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கியது, நம்மைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுவதைக் காட்டும். எனக்கு ரேடியோதான் பிடிக்கும். சார்ஜ் இல்லை, சிக்னல் இல்லை என்ற கவலை அதற்குக் கிடையாது.

முதல் மின்னல்கள் மேகத்துக்குள்ளேயே அடிக்கும், மேகம் உள்ளிருந்து விளக்கேற்றியது போலத் தெரியும். மின்னலில் பெரும்பகுதி அப்படித்தான், தரைக்கு வருவதே இல்லை. வருவது எப்படி என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், கண்ணால் காண முடியாத வேகத்தில் நடப்பது அது.

மேகத்தின் வயிற்றில் எதிர் மின்னூட்டம் குவிந்ததும், நேர் கீழே தரையில் இருக்கும் எதிர் மின்னூட்டம் விலக்கப்பட்டு, தரையின் மேல்பரப்பு நேர் மின்னூட்டம் கொள்கிறது. மேகம் நகர நகர இதுவும் நிழல் போலக் கூடவே வயல், கண்மாய், வீடு எல்லாவற்றின் மேலும் ஊர்ந்து வருகிறது. மேலே முதல் பொறி எப்படிப் பற்றுகிறது என்பதில் அறிவியலாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. பற்றியபின் நடப்பது நன்றாகத் தெரியும். மங்கலான ஒரு மின்தடம் ஐம்பது மீட்டர் பாய்கிறது, நொடியில் லட்சத்தில் சில பங்கு நேரம் நிற்கிறது, இன்னும் ஐம்பது மீட்டர் பாய்கிறது. படியிறங்குவது போல, ஒவ்வொரு படியிலும் கிளை பிரிந்து, வழி தேடிக்கொண்டே வருகிறது. மின்னல் கோணல்மாணலாக இருப்பதற்குக் காரணம் இந்தப் படிகள்தான். தரையை நெருங்க அதற்கு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும்.

கடைசி ஐம்பது, நூறு மீட்டர் இருக்கும்போது தரை பதில் சொல்கிறது. உயரமாக நிற்கிற பனை, செல்போன் கோபுரம், வெட்டவெளியில் நிற்கும் மனிதர், இப்படி எதிலிருந்தும் மேல்நோக்கி ஒரு பொறி எழலாம். அவற்றில் எது முதலில் இறங்கி வருவதைத் தொடுகிறதோ, அதன் வழியே பாதை திறக்கிறது. அப்போது ஓடும் மின்னோட்டம் சுமார் 30,000 ஆம்பியர். உங்கள் வீட்டு மின்விசிறிக்கு அரை ஆம்பியர் கூடப் போவதில்லை. பெருவிரல் தடிமன் உள்ள அந்தப் பாதையில் காற்று ஏறக்குறைய 30,000 டிகிரிக்குச் சுடுகிறது, சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு. சுட்ட காற்று வெடித்து விரிவதுதான் இடி. பக்கத்தில் அடித்தால் ‘படார்’ என்று ஒரே அறை. தூரத்தில் அடித்தால் பல கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தின் கிட்டத்துச் சத்தம் முதலிலும், எட்டத்துச் சத்தம் பின்னாலும் வந்து சேரும், அதனால் உறுமல். ‘இடி விழுந்தது’ என்று சொல்கிறோமே, இடி விழுவதே இல்லை. விழுந்தது மின்னல், இடி அதன் சத்தம்.

ஒரே பாதையில் மூன்று நான்கு முறை மின்னோட்டம் பாயும், நொடியில் இருபதில் ஒரு பங்கு இடைவெளி விட்டு. மின்னல் நடுங்குவது போலத் தெரிவது அதனால்தான். நம்பிக்கை இல்லையென்றால் வீட்டுக்குள் ஜன்னலோரம் கைபேசியை நிறுத்தி, ‘ஸ்லோ மோஷ’னில் பதிவு செய்யுங்கள். நொடிக்கு 240 படம் என்ற அமைப்பில் வைத்தால், ஒரு மின்னல் அணைந்து அணைந்து எரிவதை எண்ணிவிடலாம். போன வருடம் எங்கள் தெருப் பையன் ஒருவன் பதிவில் ஆறு எண்ணினான். இரவு பதினொரு மணிக்கு வந்து கதவைத் தட்டினான், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இனி அர்ஜுனா கணக்கு. இடி இடித்தால் “அர்ஜுனா, அர்ஜுனா” என்று சொல்வது நம் வழக்கம். எங்கள் அப்பத்தா கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். நான் பிள்ளைகளிடம், கண்ணைத் திறந்துகொண்டு, இடிக்குப் பிறகு அல்ல, மின்னல் வெட்டியதுமே தொடங்கு என்கிறேன். “ஓர் அர்ஜுனா, ரெண்டு அர்ஜுனா, மூணு அர்ஜுனா” என்று நிதானமாகச் சொன்னால், ஒன்று சொல்ல ஒரு நொடி ஆகும். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று நொடி. ஆக மூன்று அர்ஜுனா ஒரு கிலோமீட்டர். பதினைந்து வந்தால் ஐந்து கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் மேகம் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, அடுத்த மின்னல் உங்கள் தெருவில் விழலாம். பட்டறைக்கல் தலையிலிருந்து கிளம்பும் மின்னல், மழை பெய்கிற இடத்தைத் தாண்டி, பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் வந்து விழுவதுண்டு. உங்கள் தலைக்கு மேலே வானம் வெளுப்பாக இருந்தாலும் சரி, முப்பதுக்குள் என்றால் எழுந்து வீட்டுக்குள் போங்கள். எண்ணத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் எளிது: இடி காதில் விழுந்தால் உள்ளே. திண்ணை உள்ளே அல்ல. தூணில் சாய்ந்து நிற்பதும் உள்ளே அல்ல.

இதில் நான் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். 1989 வைகாசியில் எங்கள் சித்தப்பா கண்மாய்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். தூறல் விழுந்ததும் ஆடுகள் ஒரு வேப்பமரத்தடியில் ஒண்டின. சித்தப்பா பதினைந்து தப்படி தள்ளிக் கம்பை ஊன்றி நின்றார். மின்னல் மரத்தில் இறங்கியது. ஏழு ஆடும் படுத்த இடத்திலேயே போய்விட்டன, ஒன்றின் மேலும் தீக்காயம் இல்லை. அன்று அது எனக்குப் பெரிய மர்மம். மரத்தில் இறங்கிய மின்னோட்டம் தரைக்குள் நாலாபக்கமும் பரவும். மரத்துக்குக் கிட்டே மின்னழுத்தம் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறையும். ஆட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையில் இருக்கும் அந்த வித்தியாசம் உடம்பு வழியே, இதயத்தைத் தாண்டி ஓடுகிறது. சித்தப்பா விழுந்து, எழுந்துவிட்டார். வலது காது அன்றோடு போயிற்று. “மேற்கே அரை மணியா உறுமிக்கிட்டுத்தான் இருந்துச்சு தாயி, நம்ம பக்கம் வராதுன்னு இருந்துட்டேன்” என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அரை மணி அவருக்கும் கிடைத்திருக்கிறது. இந்தியாவில் ஒவ்வோர் ஆண்டும் மின்னலுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் பலியாகிறார்கள். பெரும்பாலும் வயலில், மரத்தடியில். அவர்களில் அநேகம் பேருக்கும் அது கிடைத்திருக்கும்.

அதனால் வயலில் நாற்று நடுகிறவர்கள், கண்மாயில் நூறு நாள் வேலை செய்கிறவர்கள், முதல் உறுமலிலேயே பள்ளிக்கூடம், பஞ்சாயத்துக் கட்டடம் என்று எது பக்கமோ அங்கே போய்விடுங்கள். கண்ணாடி ஏற்றிய கார், பேருந்து நல்லது, மின்னோட்டம் உலோகக் கூட்டின் வெளிப்புறமாகவே ஓடித் தரைக்குப் போகும். பைக், டிராக்டர், மோட்டார் கொட்டகை உதவாது. கூரையும் தகரமும் மழைக்குத்தான், சுவருக்குள் கம்பியும் குழாயும் ஓடுகிற கட்டடம்தான் மின்னலைத் தரைக்கு வழிநடத்தும். அதே காரணத்தால் உள்ளே இருக்கும்போது குழாயில் குளிக்காதீர்கள், பாத்திரம் கழுவாதீர்கள், சார்ஜில் போட்ட கைபேசியைப் பிடித்துப் பேசாதீர்கள். சார்ஜில் இல்லாத கைபேசி மின்னலை இழுக்காது, பயம் வேண்டாம். டி.வி. ஒயரை மின்னலுக்கு முன்பே பிடுங்குங்கள், மின்னும்போது பிடுங்கப் போகாதீர்கள். கோபுரக் கலசம் காக்கும் என்று கோவில் வாசலில் ஒதுங்குகிறவர்களுக்கும் ஒன்று: கலசத்திலிருந்து தடித்த கம்பி மண்ணுக்குள் இறங்கியிருந்தால்தான் அது இடிதாங்கி.

போக எந்த இடமுமே இல்லை என்றால் மரத்தையும் தண்ணீரையும் விட்டு விலகி, ஒருவரை விட்டு ஒருவர் தள்ளி, இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்துக் குந்துங்கள். படுக்காதீர்கள். இது பாதுகாப்பு ஆகாது, ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும். அவ்வளவே.

யாரையாவது தாக்கிவிட்டால் தொடப் பயப்படாதீர்கள். அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சும் அசைவும் இல்லையென்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் அமுங்கும்படி, நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது முறை அழுத்திக்கொண்டே இருங்கள். நின்ற இதயம் திரும்பத் துடிக்க நல்ல வாய்ப்பு உண்டு. பல பேர் விழுந்து கிடந்தால், முனகுகிறவரை விட்டுவிட்டு, சத்தமில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள்.

கடைசியாக, மழை விட்ட பிறகு. எங்கள் பக்கம் அது மாங்காய்க் காலம். காற்றுக்கு உதிர்ந்ததைப் பொறுக்கப் பிள்ளைகள் கூடையோடு மரத்தடிக்கு ஓடும். மேகத்தின் வால் இன்னும் தலைக்கு மேலேயே இருக்கும். கடைசியாக இடி கேட்ட நேரத்தைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். அதிலிருந்து முப்பது நிமிடம். நடுவில் ஒரு சின்ன உறுமல் கேட்டாலும் அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். முப்பது முடிந்ததும் கூடையைக் கொடுத்து அனுப்புங்கள், மாங்காய் அங்கேதான் கிடக்கும்.